பச்சை மையில் பதினோரு கையெழுத்து

9 மார்ச் 1999, செவ்வாய்

நான் வாய் மூடி இருந்தது போதும். யாரிடமும் சொல்ல முடியாததை இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

இன்று காலை நான் பாடம் நடத்தும் மையத்தில் கூட்டம். நிர்வாகி சிஸ்டர் அல்போன்சா, கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், நான், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத இருந்த பதினோரு பெண்கள். ‘இருந்த’ என்றுதான் எழுத வேண்டும். யாருக்கும் ஹால் டிக்கெட் வரப்போவதில்லை. விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்தின் மேல் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் ரொனால்டு போட்டதாக இருந்த கையெழுத்தும் முத்திரையும் போலி என்று தேர்வு அலுவலகம் பதினொன்றையும் திருப்பி அனுப்பிவிட்டது. ரொனால்டும் ‘இது நான் போட்டதல்ல’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

“விண்ணப்பக் கட்டு யார் கையில இருந்துச்சு? எனக்கு அது தெரிஞ்சாகணும்” என்றார் சிஸ்டர். கல்வி அலுவலகப் பதிவேட்டில் பதினோரு பேரில் ஒருத்தியான அங்காளம்மாள் பெயர் இருக்கிறது. அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தவள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கட்டை அங்காளம்மாள் கையிலதான் குடுத்தேன், சிஸ்டர்” என்றேன்.

இந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் கையில்தான் கொடுத்தேன். கொடுக்கும்போதே அதில் பதினோரு கையெழுத்தும் இருந்தன என்பதைச் சொல்லவில்லை. அவற்றைப் போட்டவன் நான் என்பதைச் சொல்லவில்லை.

அங்காளம்மாள் எழுந்து நின்றாள். “சார் குடுத்தாரு, நான் கொண்டுபோய்க் குடுத்தேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது சிஸ்டர். சார் சொல்லுவாரு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கமிட்டிக்காரர் ஒருவர், “தோலுக்குச் சீல் அடிச்ச கை, தாளுக்கு அடிக்க எம்புட்டு நேரம் ஆகும்?” என்றார். மற்றவர் சிரித்தார். அவள் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவள்.

மற்றப் பத்துப் பேரும் செப்டம்பர் தேர்வுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். அங்காளம்மாள் இனி வர வேண்டாம். அவளுடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழ் விசாரணை முடியும்வரை சிஸ்டரின் பீரோவில் இருக்கும். போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிது என்றார்கள்.

நானும் தலையாட்டினேன்.

10 மார்ச்

பத்துப் பேரும் வகுப்புக்கு வந்தார்கள். முதல் பெஞ்சின் ஓரத்தை யாரும் சொல்லாமலே காலியாக விட்டிருந்தார்கள். அசோகர் பாடம் நடத்தினேன். யாரும் எதுவும் குறித்துக்கொள்ளவில்லை.

14 மார்ச், ஞாயிறு

ஜோஸ்பினும் மகள் ஏஞ்சலினும் பூசைக்குப் போயிருக்கிறார்கள். தலைவலி என்று நான் தங்கிவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுவதானால் 1991-இல் தொடங்க வேண்டும். அந்த வருடம் எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலியானது. பணிமூப்பில் நான்தான் முதல். எம்.ஏ., எம்.எட். ரொனால்டு எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவன்; பி.எட். படிக்கையில் இருவருக்கும் ஒரே விடுதி, ஒரே அறை. அவன் மாமா பாதிரியார். மாமா நிர்வாகத்தில் போய்ப் பேசினார். இடம் அவனுக்குப் போனது. நான் கேட்டதற்கு, “உங்களுக்குக் கோபம் ஜாஸ்தி ஞானதாஸ்” என்றார்கள். கோபமே அதற்குப் பிறகு வந்ததுதான். இரண்டு வருடம் அவனுக்குக் கீழே இருந்து பார்த்தேன். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து இந்த மையத்தில் சேர்ந்தேன். தோல் ஷாப்பு, நூல் மில், பூட்டுப் பட்டறை என்று சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்ப் படிப்பை விட்ட பெண்களுக்கு மாலை வகுப்பு. எட்டாவது, பத்தாவது எழுத வைத்து ஒரு வேலைக்குத் தகுதியாக்கி அனுப்புவது. என் படிப்புக்கு இதுதானா என்று தினமும் நினைத்திருக்கிறேன். எழுதவே கூசுகிறது. நினைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் ஒரு தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது ரொனால்டின் பள்ளி. முந்தைய வருடங்களில் யாராவது கொண்டுபோவார்கள், அவனும் போட்டுத் தருவான். இந்த முறை சொல்லி அனுப்பினான்: “முகம் தெரியாத பதினோரு பேருக்கு நான் எப்படிப் போட? பாடம் நடத்துற வாத்தியார் நேர்ல வந்து இன்னார் இன்னார்னு சொல்லட்டும்.”

நியாயமான கேள்விதான். இன்றைக்குத் தெரிகிறது. டிசம்பரில் என் காதில் விழுந்தது வேறு: ‘ஞானதாஸ் வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்கட்டும்.’

போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வேறு தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம். திண்டுக்கல்லில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? போனால், ‘ரொனால்டு சார்கிட்டப் போகலையா?’ என்று கேட்பார்களே. கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது மதுரைக்குப் பஸ் ஏறி ஒரு கடையில் ரப்பர் முத்திரை செய்யக் கொடுத்தேன். பச்சை மையும் வாங்கினேன். மறுநாள் மத்தியானம் ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து பதினோரு தடவை ரொனால்டின் பெயரை எழுதினேன்.

எழுதும்போது சுகமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பதினோரு தடவை நான் தலைமையாசிரியராக இருந்தேன்.

மாட்டிக்கொண்டது எப்படி என்பது இன்னும் கேவலம். எட்டு வருடமாக நான் அவன் பேச்சை வீட்டிலும் எடுக்க விடுவதில்லை. வேலையை விட்ட பிறகு அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. போன ஜூனில் அந்தப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்திவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. நான் செய்த முத்திரையில் உயர்நிலைப் பள்ளி என்று இருந்தது. பார்த்த குமாஸ்தாவுக்கு உடனே சந்தேகம் வந்திருக்கிறது.

கட்டை அங்காளம்மாளிடம் கொடுத்த காரணம் - தோல் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. நான் கேட்கக்கூட இல்லை. “எனக்கு லீவுதானே சார், நான் கொண்டு போறேன்” என்று அவளே வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்து வகுப்பில் சொன்னாள்: “ஆபீசுல அந்தாளு என்னயப் பாத்ததுமே மைப் பெட்டியத் தொறந்து நீட்டிட்டாரு, கைநாட்டு வைக்கச் சொல்லி. நான் பேனாவக் குடுங்கன்னேன். மூஞ்சி எப்பிடிப் போச்சுங்கிறீக.” எல்லோரும் கை தட்டினார்கள்.

பதிவேட்டில் அவள் பேனா வாங்கிப் போட்ட அந்தக் கையெழுத்தைத்தான் செவ்வாய்க்கிழமை அவளுக்கு எதிரான சாட்சியாக வாசித்தார்கள்.

31 மார்ச், புதன்

பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். என் முறை வந்ததும், “பொய் சொன்னேன் சாமி” என்றேன்.

“எத்தனை தடவை?”

“ஒரு தடவை.”

மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லச் சொன்னார். சைக்கிளை எடுக்கும்வரை கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. பூட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது: அவரிடமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

நற்கருணை வாங்கவில்லை. ஜோஸ்பின் ஏன் என்று கேட்கவில்லை.

20 ஏப்ரல்

வகுப்பில் ஒச்சம்மாள் ஆரம்பித்தாள். மில்லில் கூலிக்குப் போகிறவள். வாய் அதிகம், கணக்கில் கெட்டி.

“ஏன் சார், அங்காளுக்கு சீல் செய்ய ரப்பரு எங்கிட்டுக் கெடைச்சிருக்கும்? செருப்ப அறுத்துச் செஞ்சிருப்பாளோ?”

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “ஏய் ஒச்சம்மா, சும்மா இருடி” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“சும்மாதானே இருக்கோம் எல்லாரும்” என்றாள் ஒச்சம்மாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இவர்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எப்படி என்னை இன்னும் சார் என்கிறார்கள்?

16 மே, ஞாயிறு

அங்காளம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

மாலை நாலு மணி இருக்கும். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஜோஸ்பின்தான் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீங்க” என்றாள்.

“இருக்கட்டும்மா. ஷாப்புல இருந்து நேரா வாரேன், மேலெல்லாம் வாடை.”

ஜோஸ்பின் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் சொம்பை வாங்கியபோது பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரித்து வெளுத்திருந்தது. வகுப்புக்கு வந்தபோது உலர்த்துகிற இடத்தில் இருந்தாள். இப்போது தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிற குழிக்கு மாறியிருக்கிறாள்.

“சார், எட்டாவது சர்டிபிகேட் சிஸ்டர்கிட்ட இருக்கு. அத மட்டும் வாங்கிக் குடுங்க. செப்டம்பருக்கு நான் தனியா அப்ளிகேசன் போட்டுக்கிறேன்.”

எனக்குத் தெரியாததில்லை. அவள் தெருவில் உள்ள நகராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் டிசம்பரோடு ஓய்வு. ஜனவரியில் ஆள் எடுப்பார்கள். பத்தாவது பாஸ் வேண்டும், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். புருஷன் இல்லாதவள் என்பதால் முன்னுரிமை உண்டு. பிப்ரவரியில் அவளுக்கு நாற்பது முடிகிறது. மார்ச் தேர்வு போய்விட்டது. மிச்சம் இருப்பது செப்டம்பர் ஒன்றுதான். அதற்குப் பிறகு அவள் பாஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் குழிதான்.

“சர்டிபிகேட் கிடைச்சாலும் யார்கிட்டக் கையெழுத்து வாங்குவே?” என்றேன். என்ன துணிச்சல் எனக்கு.

“மூணு ஹெச்.எம்.கிட்டப் போய்ட்டு வந்துட்டேன் சார். பேரச் சொன்னதும், ‘ஓ, நீதானா அது’ங்கிறாக. ஒருத்தரு மேசையில இருந்த சீல எடுத்து டிராயர்ல வச்சுக்கிட்டாரு. நான் தூக்கிட்டு ஓடிருவேன்னு.” சிரித்தாள். ஜோஸ்பின் சிரிக்கவில்லை.

“பாக்குறேன்மா” என்றேன்.

“பாருங்க சார்.” எழுந்தாள். வாசல்வரை போய் நின்றாள். “அன்னைக்கு இவ ஏன் வாயத் தொறக்காம நின்னான்னு நெனச்சிருப்பீக. சார் பாதிதான் சொல்லியிருக்காரு, மிச்சத்த இப்பச் சொல்லிருவாருன்னு இருந்தேன். வெளிய அனுப்புன பெறகும் செத்த நேரம் வேப்ப மரத்தடியில நின்னேன். வந்துருவீகன்னு.”

போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பஸ் வராததைச் சொல்வது போலச் சொன்னாள்.

17 மே

காலையில் ஜோஸ்பின் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: “டிசம்பர்ல உங்க கைக்குட்டையில பச்சை மை இருந்துச்சே.”

நான் பேப்பரை மடித்தேன்.

“ரெண்டு தடவை சோப்புப் போட்டும் போகல. அப்புறம் கரித்துணியாக்கிட்டேன்.”

“அப்பவே ஏன் கேக்கல?”

“கேட்டா சொல்லியிருப்பீங்களா?”

மடித்த பேப்பரை மறுபடி பிரித்தேன். அவள், “வத்தலக்குண்டு வரன் ஆகஸ்டுல கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கிற வரைக்கும் வந்திருக்கு. அதுவரைக்கும் ஒண்ணும் வேணாம். ஏஞ்சலினை நெனச்சுப் பாருங்க” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நேற்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தவளும் இவள்தான்.

இவளை இப்படிப் பேச வைத்தவன் யார்?

12 ஜூன், சனி

சைக்கிளில் பேகம்பூர் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே போனேன். தோல் ஷாப்பு வாசலில் மேஸ்திரி முகமது பாரூக் என்னைப் பார்த்துவிட்டார். வகுப்புக்காக அவளைச் சீக்கிரம் விடச் சொல்லி முன்பு இரண்டு முறை அவரிடம் வந்திருக்கிறேன்.

“வாங்க வாத்தியாரே. அந்தம்மாவை முன்னாடியெல்லாம் நாலரைக்கே விட்டுருவேன். மொதலாளி கேட்டாலும் நான் சமாளிச்சுக்குவேன். இப்ப ஏழு மணி வரைக்கும் நிக்குது. ‘போய்ப் படி தாயி’ன்னா, ‘படிச்சு முடிச்சாச்சு பாய்’ங்குது. பாஸாயிருச்சா என்ன?”

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அவரிடம் சொல்லவில்லை.

“உள்ளதான் இருக்கு. கூப்பிடவா?”

“வேண்டாம் பாய். சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.”

இந்தப் பக்கமாக யாராவது சும்மா வருவார்களா? மூக்கைப் பொத்தாமல் ஒரு நிமிடம் நிற்க முடியாத இடம்.

28 ஜூன், திங்கள்

டிசம்பரில் போகாத இடத்துக்கு இன்று போனேன். எல்லாவற்றையும் ரொனால்டிடம் சொல்லிவிடுவது, அவன் என்ன செய்தாலும் செய்யட்டும் என்றுதான் போனேன்.

வாசலில் புதுப் பலகை. மேல்நிலைப் பள்ளி. ஓர் ஆள் உயரத்துக்கு எழுத்து.

ரொனால்டு எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். தலை முழுக்க நரைத்துவிட்டது. டீ சொன்னான். நான் தொடங்குவதற்கு முன்னால் அவனே, “என்ன ஞானம், அந்த விண்ணப்ப விஷயமா?” என்றான்.

“ஆமா.”

“அது யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஹாஸ்டல் மெஸ் நோட்டுல என் பேரப் போட்டு ஒரு வருஷம் என் முட்டையத் தின்னவன்டா நீ. கடைசி எழுத்த இழுத்து ஒரு வளைவு விடுவ பாரு. நானே அப்பிடி விடுறதில்ல.”

வந்திருந்த டீயைக் கீழே வைத்தேன். “தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “தொண்ணூத்தொண்ணுல மாமா போய்ப் பேசினது உண்மை. உனக்கு வரவேண்டியதுதான். எட்டு வருஷமா நீ என்னப் பாத்தா ரோட்டத் தாண்டிப் போற. எனக்கும் உறுத்தாம இல்ல. இப்ப நான் வாயத் தொறந்தா நீ ஜெயிலுக்குப் போவ. தொறக்கல. இதோட நமக்குள்ள சரியாப் போச்சுன்னு வச்சுக்க.”

“அந்தப் பொம்பளை?”

“அதுக்கு என்ன இப்போ? கேஸா கீஸா? வேற எங்கயாச்சும் படிச்சுக்கட்டும்.”

“நீயாவது அவளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு.”

“நான் எப்படிடா போட முடியும்? போலின்னு எழுதிக் குடுத்தவனே நான்தான். அந்தம்மா மேல தப்பில்லன்னு மையத்துல இருந்து எழுத்துல வந்தா போடுறேன். சிஸ்டர் எழுதணும். சிஸ்டர் எழுதணும்னா யாராவது அவங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்.” சிரித்தான். “நீ சொல்லப் போறியா?”

வாசல்வரை தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். நான் அந்தக் கையை எடுத்துவிடவில்லை.

29 ஜூன்

‘உனக்கு வரவேண்டியதுதான்.’ எட்டு வருடம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டதும் என் மனசு குளிர்ந்தது. அங்காளம்மாளைப் பற்றி நான் கேட்டது அதற்குப் பிறகுதான். எத்தனை நிமிடம் கழித்து? டீயில் பாதி குடித்திருந்தேன்.

படித்தவர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் சமாதானமாகிவிட்டோம். அதற்கு அவள் குழியில் நிற்கிறாள்.

11 ஜூலை, ஞாயிறு

செப்டம்பர் தேர்வுக்கு விண்ணப்பம் வந்துவிட்டது. கடைசி நாள் ஜூலை 23, வெள்ளி. பத்துப் பேருக்கும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். இந்த முறை சிஸ்டரே அவர்களைக் கூட்டிக்கொண்டு ரொனால்டிடம் போனார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டதாம். அரை மணி நேரம்.

கல்வி அலுவலகத்தில் பதினோரு படிவம் வாங்கியிருந்தேன். சிஸ்டர் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒண்ணு கூட இருக்கே சார்?” என்றார்.

“கிழிஞ்சா ஆகும்னு வாங்கினேன்.”

18 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்ததும் சிஸ்டர் அல்போன்சாவைத் தனியாகப் பிடித்தேன். சொல்லிவிடுவது என்று நேற்றே முடிவு செய்திருந்தேன்.

“சிஸ்டர், அங்காளம்மாள் விஷயமா…”

“நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன் சார். அந்தப் பிள்ளை அப்படிச் செய்யும்னு இன்னும் என்னால நம்ப முடியல. ஆனா நீங்களே சொல்லும்போது நான் வேற யாரை நம்புறது? ஆறு வருஷமா உங்களை நம்பித்தானே இந்தப் பிள்ளைங்களை விட்டுருக்கேன்.”

“அவ சர்டிபிகேட்டையாவது திருப்பிக் குடுத்துருங்க” என்றேன்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு” என்றார்.

கும்பிட்டுவிட்டு வந்தேன். பெரிய மனசு.

19 ஜூலை, திங்கள்

மையத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன், இப்போது மூன்று. நேரில் என்னால் முடியாது என்பது நேற்றோடு தெரிந்துபோயிற்று. சிஸ்டருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம். மதுரைக்குப் பஸ் ஏறியது, முத்திரை, அது செய்த கடை, வகுப்பறை, மார்ச் 9 அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் - எல்லாம் அதில் இருக்கிறது. அங்காளம்மாள் கையில் கட்டு வந்தபோது எல்லாக் கையெழுத்தும் போட்டு முடிந்திருந்தது என்பதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். அவள்மேல் தப்பில்லை என்று தேர்வு அலுவலகத்துக்கும் ரொனால்டுக்கும் மையத்தின் பெயரில் எழுதும்படியும், சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அவளை அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கித் தரும்படியும் கேட்டிருக்கிறேன். மிச்சமிருந்த படிவத்தையும் உள்ளே வைத்தேன்.

முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டைப் அடிக்கிற கடையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். டைப் அடித்து வந்தால் மொட்டைக் கடிதம் என்பார்கள். யார் எழுதியிருப்பார்கள்? அங்காளம்மாளே ஆள் வைத்து அடித்திருப்பாள் என்பார்கள். அதுவும் அவள் தலையில் விழும். ஆகவே என் கையாலேயே எழுதினேன். ஆறு வருடமாகச் சிஸ்டர் என் பாடக்குறிப்பைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பிறகு ஏன் பெயர் போடத் தயக்கம்? முதலில் போட்டேன். ஞானதாஸ், எம்.ஏ., எம்.எட். என்று. பட்டத்தைப் பார்த்ததும் கூசியது. கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டாம் தடவை கீழே வந்ததும் கை நின்றுவிட்டது. பெயர் இருந்தால் அது வாக்குமூலம். சிஸ்டர் விரும்பாவிட்டாலும் மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அவளை மீட்டுவிட்டு என்னைத் தெரியாததுபோல விட்டுவிட அவருக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை நானே திறந்து வைக்கிறேன்.

ஏஞ்சலினின் கல்யாணத்துக்காக என்று எழுத நினைத்தேன். இல்லை. எனக்காகத்தான்.

ஒருவேளை சிஸ்டர் கூப்பிட்டு, “இது நீங்க எழுதினதா சார்?” என்று கேட்டால்? ஆமாம் என்று சொல்வேனா? சொல்வேன் என்று இங்கே எழுதப் பயமாக இருக்கிறது.

ஜோஸ்பின் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள். “பேரு போட்டிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். பசையை எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனாள்.

கையெழுத்தில்லாமலே அனுப்புகிறேன். உறையை ஒட்டிவிட்டேன். நாலரைத் தபாலுக்குப் போட்டால் நாளைக் காலை சிஸ்டர் கைக்குப் போய்விடும். அங்காளம்மாளுக்கு வெள்ளிக்கிழமைவரை நாள் இருக்கிறது.